800 கனெக்ஷன் இருந்தும் ஏன் ஒரு அழைப்புகூட வரவில்லை?

ஒரு வாசகர் கேட்ட கேள்வியின் சுருக்கம் இது: லிங்க்ட்இன்னில் அவருக்கு 800 பேர் தொடர்பில் இருக்கிறார்கள், எக்ஸிலும் (முன்பு ட்விட்டர்) ஒரு கணக்கு உண்டு, வாரத்துக்கு இரண்டு பதிவாவது போடுகிறார். இருந்தும் வேலை விஷயமாக உருப்படியாக ஒரு தொடர்புகூட அமையவில்லை. எங்கே பிசகுகிறது, எதை மாற்ற வேண்டும்?

பிசகு பெரும்பாலும் பதிவுகளில் இருக்காது. அந்த 800 பேரில் எத்தனை பேரால் "அவர் இன்ன வேலைக்காரர், இன்ன சிக்கலுக்கு அவரைக் கேட்கலாம்" என்று இன்னொருவரிடம் தடுமாறாமல் சொல்ல முடியும் என்று யோசித்துப் பாருங்கள். பத்துப் பேர் தேறினாலே பெரிது. வேலை வாய்ப்போ, வாடிக்கையாளரோ, பேச்சாளர் அழைப்போ, எதுவானாலும் நீங்கள் இல்லாத ஓர் உரையாடலில் உங்கள் பெயர் அடிபட்டால்தான் வரும். ஆகவே எண்ணிக்கையை ஏற்றுவதை நிறுத்திவிட்டு, இருப்பவர்களுக்கு உங்களை நினைவில் வைத்துக்கொள்வதைச் சுலபமாக்குங்கள்.

யாரிடமிருந்து வாய்ப்பு வரும் என்பதைப் பற்றி ஓரளவு திடமான தகவல் இருக்கிறது. மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு அருகில் உள்ள நியூட்டனில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களைக் கேட்டறிந்தார். தகவல் தந்தவரை வாரத்துக்கு இரண்டு முறையாவது சந்திப்பதாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது சந்திப்பவர்கள் 55.6 சதவீதம், வருடத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ சந்திப்பவர்கள் 27.8 சதவீதம். காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது உங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். அரைகுறைப் பழக்கம் உள்ளவர் வேறொரு வட்டத்தில் இருக்கிறார். 2022-ல் லிங்க்ட்இன்னிலேயே சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்த ஆய்வு வெளிவந்தது. அது இதில் ஒரு திருத்தம் சொன்னது: முற்றிலும் அந்நியர்களாலும் பெரிய பயனில்லை, சுமார் பத்துப் பொது நண்பர்கள் உள்ள அளவுக்கு மிதமான பழக்கமே வேலை மாறுவதற்கு அதிகம் உதவுகிறது.

எனவே உங்கள் முதல் வேலை புதியவர்களைத் தேடுவதல்ல. முன்னாள் சக ஊழியர்கள், பக்கத்துத் துறையில் இருந்தவர்கள், உங்களுக்குச் சரக்கோ மென்பொருளோ விற்றவர்கள், பயிற்சி வகுப்பில் உடன் இருந்தவர்கள், ஒரே கல்லூரியில் இரண்டு மூன்று ஆண்டு முன்பின் படித்தவர்கள் ஆகியோரைத் தேடி எடுங்கள். லிங்க்ட்இன் அமைப்புகளில் தரவுத் தனியுரிமைப் பகுதிக்குப் போனால் உங்கள் தரவின் நகலைக் கேட்கலாம். அதில் கனெக்ஷன்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் பெயர், நிறுவனம், பதவி, இணைந்த தேதி எல்லாம் ஒரு கோப்பாக வரும். எக்செலில் திறக்கலாம். மின்னஞ்சல் பத்தி பெரும்பாலும் காலியாகவே இருக்கும், பகிர அனுமதித்தவர்களின் முகவரி மட்டுமே அதில் வரும். பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து ஒவ்வொருவருக்கும் 1, 2, 3 என்று போடுங்கள்: பேசிப் பழகியவர், ஒரு தடவையாவது ஏதோ பரிமாறிக்கொண்டவர், யாரென்றே தெரியாதவர். இரண்டாம் எண் போட்டவர்களில் முப்பது பேரைப் பொறுக்கிக்கொண்டால் மூன்று மாதத்துக்குப் போதும்.

அவர்களை அணுகுவதற்கு முன் ப்ரொஃபைலைச் சரிசெய்யுங்கள். செய்தி வந்ததும் எவரும் முதலில் அதைத்தான் திறந்து பார்ப்பார்கள். திருத்தத் தொடங்குமுன், ப்ரொஃபைல் மாற்றங்களை நெட்வொர்க்கோடு பகிரும் அமைப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய பதவியின் தேதியைத் திருத்தியதற்கு வாழ்த்துகள் வந்து குவியலாம், உங்கள் மேலாளரும் வாழ்த்துவார்.

பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்துக்குறி இடம் உண்டு. ஆனால் நீங்கள் ஒருவர் பதிவில் கமென்ட் போடும்போதோ, தேடல் பட்டியலில் வரும்போதோ அதன் தொடக்கம் மட்டுமே தெரியும். அந்த முதல் ஆறேழு சொற்களில் என்ன இருக்கிறது? பலருக்கு "சீனியர் எக்ஸிக்யூட்டிவ், இன்ன நிறுவனம்" என்று இருக்கும். இதை வைத்து யாரும் யாரிடமும் உங்களைப் பற்றிச் சொல்ல முடியாது. அதே ஆள் "மருந்துக் கிடங்குகளில் காலாவதி இழப்பைக் குறைக்கும் சரக்கு மேலாண்மை | குளிர்பதனப் போக்குவரத்து, எஸ்ஏபி" என்று எழுதினால், கிடங்கு வைத்திருக்கும் ஒருவர் நின்று படிப்பார். கூடவே ஆட்சேர்ப்பாளர் தேடும் சொற்களும் உள்ளே வந்துவிடுகின்றன. "ஆர்வலர்", "கனவாளர்", "நிஞ்ஜா" போன்ற சொற்களைத் தேடல் பெட்டியில் எவரும் தட்டுவதில்லை.

"பற்றி" பகுதி 2,600 எழுத்துக்குறி வரை போகும். விரித்துப் படிக்கச் சொல்லும் பொத்தானுக்கு முன் சில வரிகள்தான் தெரியும் என்பதால், முக்கியமானதை அங்கேயே சொல்லிவிடுங்கள். யாருக்கு, என்ன சிக்கலை, எந்தக் கருவியால் தீர்க்கிறீர்கள், இப்போது எந்த மாதிரி உரையாடலுக்குத் தயார் என்பதே அது. அனுபவப் பகுதியில் கடமைகளை அடுக்காமல், செய்து முடித்தவற்றை மூன்று நான்கு வரியில் எழுதுங்கள். எண் போடலாம். ஆனால் வாடிக்கையாளர் பெயரும் வெளியிடப்படாத விற்பனைத் தொகையும் பல நிறுவனங்களில் ரகசிய ஒப்பந்தத்துக்குள் வரும், விகிதமாகச் சொல்லிவிடுவது பாதுகாப்பு. படம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: முகம் தெளிவாக, சட்டகத்தில் பாதிக்கு மேல், சமீபத்தியதாக இருக்கட்டும்.

வேலை தேடுவதாகக் காட்டும் அமைப்பில் இரண்டு நிலை உண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரியும் பச்சை வளையம், மற்றது ஆட்சேர்ப்பாளர்களுக்கு மட்டும். இரண்டாவதில் உங்கள் தற்போதைய நிறுவனத்தின் ஆட்சேர்ப்பாளர்களுக்குக் காட்டாமலிருக்க முயல்வதாக லிங்க்ட்இன் சொல்கிறது, ஆனால் முழு உத்தரவாதம் தருவதில்லை. குழும நிறுவனங்களில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி செய்தி அனுப்புவது. பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

புதியவருக்கு அனுப்பும் கோரிக்கையோடு ஒரு குறிப்பு சேர்க்கலாம். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில குறிப்புகளுக்குத்தான் அனுமதி, நீளமும் சுமார் 200 எழுத்துக்குறிக்குள்தான். எனவே உண்மையிலேயே வேண்டிய ஆளுக்கு அதைச் சேமித்து வையுங்கள். பரிந்துரைப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பொத்தானைத் தட்டினால் குறிப்பு கேட்காமலே கோரிக்கை போய்விடும். அவர் ப்ரொஃபைலுக்குள் போய்த்தான் அனுப்ப வேண்டும். குறிப்பில் இரண்டு விஷயம் போதும்: உங்களை எங்கே கண்டேன், ஏன் இப்போது. "உங்களைப் போன்ற திறமைசாலிகளோடு இணைவதில் மகிழ்ச்சி" என்பது நூறு பேருக்கு அனுப்பியது என்று படித்ததுமே தெரியும். "கிடங்கு வெப்பநிலைப் பதிவுகள் பற்றி நேற்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதே சென்சார்களோடு வேலை செய்கிறேன், தொடர்பில் இருக்க விரும்புகிறேன்" என்பதை அப்படி நினைக்க மாட்டார்கள்.

ஏற்றுக்கொண்ட மறு நிமிடமே ரெஸ்யூமே அனுப்புவதுதான் அடுத்த சறுக்கல். "எனக்கு ஏற்ற வேலை ஏதாவது இருக்கிறதா?" என்ற வரி பணிவாகத் தோன்றினாலும், அது மொத்தச் சுமையையும் எதிராளி தலையில் இறக்குகிறது. உங்கள் ரெஸ்யூமேயைப் படித்து, தன் நிறுவனத்தின் காலியிடங்களைப் பார்த்து, பொருத்திப் பதில் எழுத அவருக்கு அரை மணி நேரம் வேண்டும். அது அவரிடம் இல்லை என்பதால் பதில் வராது. உங்களைப் பிடிக்காமல் அல்ல. இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வியை மட்டும் கேளுங்கள்:

"வணக்கம். உங்கள் குழு கையால் எழுதும் பதிவேட்டிலிருந்து சென்சாருக்கு மாறியதாக எழுதியிருந்தீர்கள். எங்களிடமும் அந்த யோசனை இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி: மாறிய முதல் மாதத்தில் இரண்டையும் சேர்த்து ஓட்டினீர்களா, அல்லது ஒரே நாளில் நிறுத்திவிட்டீர்களா? ஒரு வரிப் பதில் போதும்."

இதில் புகழ்ச்சி இல்லை, சுயசரிதை இல்லை, கேள்விக்கு இரண்டே விடைகள். பதில் எழுதுபவருக்குத் தன் வேலையைப் பற்றிப் பேசும் சந்தோஷமும் கிடைக்கிறது. பதில் வந்தபின் நன்றியோடு நிறுத்தாமல், அவர் சொன்னதைச் செய்து பார்த்து என்ன ஆயிற்று என்று சில வாரம் கழித்து இரண்டு வரி எழுதுங்கள். இதை மிகச் சிலரே செய்கிறார்கள். பெயர் மனதில் நிற்பது இந்த இரண்டாவது செய்தியால்தான்.

குறிப்பிட்ட வேலைக்குப் பரிந்துரை வேண்டுமென்றால் நேராகவே கேட்கலாம், ஆனால் அப்படியே எடுத்து ஒட்டக்கூடிய வடிவில் கொடுங்கள். வேலையின் எண்ணும் லிங்கும், அந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருத்தம் என்று மூன்று வரி, ரெஸ்யூமே, இவ்வளவுதான். அந்த மூன்று வரியைப் படர்க்கையில் எழுதுங்கள்: "இவர் ஆறு ஆண்டாக மருந்துக் கிடங்கில் இருக்கிறார்..." என்பதுபோல. நிறுவனங்களின் உள் பரிந்துரைப் படிவத்தில் விண்ணப்பதாரரை எப்படித் தெரியும், ஏன் பொருத்தம் என்று பெட்டிகள் இருக்கும். நீங்கள் எழுதிக் கொடுத்தது அங்கே அப்படியே போய் உட்காரும். கூடவே "என்னைப் பரிந்துரைக்க உங்களுக்குத் தயக்கம் இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி வையுங்கள். மறுக்க வழி இருந்தால் மனிதர்கள் பதிலாவது சொல்வார்கள். பதில் இல்லையென்றால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள்.

மூன்றாமவர் வழியாக அறிமுகம் கேட்பதும் இதேபோலத்தான். இடையில் இருப்பவரிடம், "முதலில் அவரிடம் கேட்டுவிட்டு அறிமுகப்படுத்துங்கள்" என்று சொல்லுங்கள். கேட்காமல் இருவரையும் ஒரே உரையாடலில் இழுத்துப் போட்டால் எல்லோருக்கும் சங்கடம், அடுத்த தடவை இடையில் இருப்பவர் உதவ யோசிப்பார்.

பதில் வராத கோரிக்கைகளை மாதம் ஒரு முறை திரும்பப் பெறுங்கள். அப்படித் திரும்பப் பெற்றபின் அதே ஆளுக்கு மூன்று வாரம் வரை மறுபடி அனுப்ப முடியாது. கோரிக்கைகளுக்கு வார வரம்பும் உண்டு, நிறையப் பேர் கண்டுகொள்ளாமல் விட்டாலோ உங்களைத் தெரியாது என்று குறித்தாலோ கணக்குக்குக் கட்டுப்பாடு வரலாம். துறையின் பெரிய பெயர்களுக்குக் கோரிக்கை அனுப்புவதைவிட ஃபாலோ செய்து கமென்ட்டில் சந்திப்பதே நடக்கிற காரியம்.

கமென்ட் என்றதும் பலர் அதைப் பதிவுக்கு அடுத்தபடியாக நினைக்கிறார்கள். 800 பேர் வைத்திருப்பவரின் பதிவைச் சில நூறு பேர் பார்க்கலாம், அவர்களும் பெரும்பாலும் பழகிய முகங்களே. துறையில் மதிப்புள்ள ஒருவரின் பதிவுக்குக் கீழே நீங்கள் எழுதும் மூன்று வரியை அவருடைய வாசகர்கள் படிக்கிறார்கள், எழுதியவரும் படிக்கிறார். பதினைந்து பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் ப்ரொஃபைலில் உள்ள மணிக்குறியைத் தட்டி அறிவிப்பை இயக்கிக்கொள்ளுங்கள். "அருமை ஐயா", "சரியாகச் சொன்னீர்கள்" வேண்டாம். தளமே பரிந்துரைக்கும் ஆயத்த வாக்கியங்களும், ஏஐ எழுதித் தரும் சுருக்கமும் அதைவிட மோசம், பதிவில் இருப்பதையே திருப்பிச் சொல்லும். நல்ல கமென்ட்டில் பதிவில் இல்லாத ஏதோ ஒன்று இருக்கும்: ஒரு நிபந்தனை, ஒரு எண், ஒரு விதிவிலக்கு. "நீங்கள் சொல்வது பெரிய கிடங்குக்குச் சரி. மின்தடை அடிக்கடி வரும் சிறு கிடங்கில் சென்சாரின் பேட்டரியே பதிவை விழுங்கிவிடுகிறது, அங்கே என்ன செய்கிறீர்கள்?" இப்படி ஒரு கேள்வி போட்டால் எழுதியவர் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும். மறுநாள் நீங்கள் அனுப்பும் கோரிக்கைக்குக் குறிப்பே தேவைப்படாது.

பதிவுகளை இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்தாலும் குடி முழுகாது. ஒரு வேலையை எப்படிச் செய்தீர்கள், எங்கே சிக்கியது, எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்று படிப்படியாக எழுதுங்கள். 3,000 எழுத்துக்குறி வரை இடம் உண்டு, பாதியிலேயே நிறுத்துவது நல்லது. முதல் இரண்டு வரி பார்த்துத்தான் மீதியைத் திறப்பார்கள் என்பதற்காக அதிர்ச்சி வாக்கியம் வைக்காதீர்கள், விஷயத்தை வையுங்கள். கட்டுரைக்கு லிங்க் கொடுத்தால் சாரத்தைப் பதிவிலேயே சொல்லிவிடுங்கள். முப்பது பேரை டேக் செய்வது, ஒருவருக்கொருவர் லைக் போட்டுக்கொள்ள வாட்ஸ்ஆப் குழு வைப்பது இரண்டும் வேண்டாம். இரண்டாவது லிங்க்ட்இன் விதிகளுக்கே எதிரானது. அதைவிட முக்கியம், உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாதவர்கள் லைக் போட்டால் பதிவு சம்பந்தமில்லாதவர்களிடமே சுற்றிக்கொண்டிருக்கும்.

லிங்க்ட்இன்னைப் பற்றியே பேசுகிறேனே தவிர, எல்லாத் தொழிலுக்கும் அது முதலிடம் அல்ல. உங்கள் தொழிலில் வேலையைக் காட்டுவது எங்கே நடக்கிறதோ அங்கே இருக்க வேண்டும். நிரலாளருக்குக் கிட்ஹப் பக்கம் ரெஸ்யூமேயைவிடப் பேசும். பக்கத்தின் மேலே ஆறு திட்டங்கள் வரை பின் (pin) செய்து நிறுத்தி வைக்கலாம், ஒவ்வொன்றிலும் ரீட்மீ கோப்பு இருக்கட்டும், எப்படி ஓட்டுவது என்று அதில் எழுதாத நிரலை யாரும் திறப்பதில்லை. வடிவமைப்பாளருக்கு பிஹான்ஸ், ஆய்வாளருக்கு ஓர்சிட் என்ற தனி அடையாள எண்ணும் ஆய்வுக் கட்டுரைகளைப் பகிரும் ரிசர்ச்கேட்டும், ஜெர்மன் பேசும் நாடுகளைக் குறிவைப்பவருக்கு சிங் (Xing) என்ற தொழில்முறைத் தளம். கண்ணால் பார்த்து வாங்கும் தொழில்களான கேக், ஒப்பனை, உள் அலங்காரம் போன்றவற்றுக்கு இன்ஸ்டாகிராம்: மேலே பின் செய்யும் மூன்று பதிவுகளில் சிறந்த வேலை, விலை கேட்கும் முறை, கிடைக்கும் நாட்கள். எக்ஸில் பத்திரிகையாளர்கள், ஏஐ ஆய்வாளர்கள், கொள்கை வட்டாரம் இன்னும் பேசுகிறார்கள். அங்கே ஃபீடை நம்பாமல் தனிப்பட்ட பட்டியல் ஒன்று தொடங்கி முப்பது பேரைச் சேருங்கள், சேர்க்கப்பட்டது அவர்களுக்குத் தெரியாது, தேவையற்ற சண்டையும் கண்ணில் படாது. ஒரு முதன்மைத் தளம், ஒரு துணைத் தளம் போதும். ஐந்தில் அரைகுறையாக இருப்பவர் ஐந்திலும் தொலைந்தவர் போலத் தெரிவார்.

நேரக் கணக்கும் கேட்பீர்கள். வேலை நாளில் இருபது நிமிடம்: பத்து நிமிடம் இரண்டு கமென்ட்டுக்கு, ஐந்து நிமிடம் வந்த செய்திகளுக்குப் பதில், ஐந்து நிமிடம் அந்த முப்பது பேரில் ஒருவருக்கு ஒரு செய்தி. முடிந்ததும் செயலியை மூடிவிடுங்கள், ஃபீடை உருட்டுவது இந்தக் கணக்கில் சேராது.

மோசடிகள் இந்தத் தளங்களில் ஏராளம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லி அணுகுபவர் முதல் செய்தியிலேயே டெலிகிராமுக்கு வரச் சொன்னால், பயிற்சிக் கட்டணமோ கருவி வாங்கப் பணமோ கேட்டால், நேர்காணல் இல்லாமலே வேலை உறுதி என்றால் அங்கேயே நிறுத்துங்கள். வேலை விவரம் என்று கோப்பு அனுப்பி அதை மேக்ரோவோடு (கோப்புக்குள் தானே இயங்கும் சிறு நிரல்) திறக்கச் சொல்வதும், நிரலாளருக்குச் சோதனை என்று ஒரு நிரல் தொகுப்பைக் கணினியில் ஓட்டச் சொல்வதும் கணினிக்குள் நுழையும் வழிகள். அலுவலகக் கணினியில் ஒருபோதும் திறக்காதீர்கள். அந்த வேலை நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கிறதா, மின்னஞ்சல் அதே டொமைனிலிருந்து (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) வருகிறதா என்று பார்த்தாலே பாதி வடிகட்டப்பட்டுவிடும். செயலி உங்கள் கைபேசித் தொடர்புப் பட்டியலைக் கேட்கும்போது மறுத்துவிடுங்கள். கொடுத்தால் பழைய வாடகைக்காரரிலிருந்து பல் மருத்துவர் வரை பரிந்துரையில் வந்து நிற்பார்கள்.

கணக்கையும் பூட்டி வையுங்கள். 2012-ல் லிங்க்ட்இன்னில் கடவுச்சொற்கள் திருடப்பட்டபோது முதலில் வெளியே வந்தவை சுமார் 65 லட்சம். 2016-ல்தான் உண்மை எண்ணிக்கை பத்துக் கோடியைத் தாண்டும் என்று தெரிந்தது. வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல், இரண்டடுக்குச் சரிபார்ப்பு இரண்டும் அவசியம். முதன்மை மின்னஞ்சல் அலுவலக முகவரியாக இருந்தால் இன்றே மாற்றுங்கள். வேலையை விட்ட நாளில் அந்த அஞ்சல் பெட்டி மூடப்படும், கடவுச்சொல் மறந்தால் மீட்கும் லிங்க் அங்கேதான் போகும், பத்தாண்டுத் தொடர்புகளும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். சொந்த முகவரியைச் சேர்த்து, சரிபார்த்து, அதை முதன்மையாக்கிய பிறகு அலுவலக முகவரியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.